நாழிகை

நாழி என்றால் உள்ளே துளையுள்ள குழாய். தானியம் அளக்கும் படிக்கும் அதே பெயர். வட்டிலில் நீரைக் கசியவிட்டுப் பொழுதை அளந்தபோது அந்தச் சொல்லே காலத்துக்கும் வந்து நாழிகை ஆயிற்று. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒன்று 24 நிமிடம். சிலப்பதிகாரத்திலேயே நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். காலத்தை அளந்து சொல்வதே அவர்கள் தொழில், எவ்வளவு பழைய தொழில்!

இன்று அந்த வேலை காப்புரிமை வழக்கறிஞர் மேசையில் நடக்கிறது. கட்சிக்காரருக்காகச் செய்த வேலையைப் பல அலுவலகங்கள் 6 நிமிடக் கூறுகளாகக் குறிக்கின்றன. அப்படி நான்கு கூறு சேர்ந்தால் சரியாக ஒரு நாழிகை.

இந்தக் கணக்கு நமக்கும் தூரமில்லை. நம் கயத்தாற்றுக்கு அருகில் உள்ள கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைப் பதியும் அலுவலகம் சென்னையில்தான். காப்புரிமையோ குறியீடோ, நம் ஊர்த் தொழில்காரர்கள் இனி வழக்கறிஞரிடம் போக வேண்டியிருக்கலாம். போகிறவர்கள் கட்டணச் சீட்டோடு நாழிகைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்: எந்த வேலை, எந்தத் தேதி, எவ்வளவு நேரம்.