விசிறிக் கயிற்றை இழுத்தது யார்?

போன மே மாசத்தில் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீடு. ஃபேன் ஐந்தில் சுத்துது, ஆனா மேலேயிருந்து இறங்குவது அனல். தலையணையைத் திருப்பிப் போட்டாலும் சூடு. அப்போ ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஃபேன் என்னைக் குளிர வைக்குதா, இல்ல சூட்டைக் கலக்கி என் மேலேயே ஊத்துதா?

பதில் தேடிக் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வராந்தாவில். அங்கே ஒரு மனுஷன் கயிறு இழுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். இன்னைக்கு எபிசோட் அவரிடமிருந்துதான் தொடங்குது.

அதுக்கு முன்னாடி ஒரு அடிப்படை விஷயம். ஃபேன் அறையைக் குளிர வைக்காது. ஓடும் மோட்டார் கொஞ்சம் சூட்டைக் கூட்டத்தான் செய்யும். ஃபேன் குளிர வைப்பது நம் உடம்பை. தோலை ஒட்டி இருக்கும் வெப்பமான காற்றுப் போர்வையை விலக்கி, வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குது. அவ்வளவுதான் அதன் வேலை. அதனால ஆள் இல்லாத அறையில் "ரூம் கூலாகட்டும்" என்று ஃபேனைப் போட்டு வைப்பது சுத்த வீண்.

காற்று ஆள்மேல் பட்டால்தான் பலன் என்றால், அந்தக் காற்றை யார் வீசுவது? மின்சாரம் வரும்வரை இதற்கு ஒரே பதில்தான்: இன்னொருத்தரின் கை.

நம்ம புறநானூற்றில் ஒரு அழகான சம்பவம் உண்டு. மோசிகீரனார் என்ற புலவர் நடந்து வந்த களைப்பில், அரண்மனையில் முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிடுகிறார். தண்டனை மரணம். ஆனால் சேர மன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று அவருக்குக் காற்று வீசினான். ஏன் இன்றுவரை இதைச் சொல்லிக்கிட்டே இருக்கோம்? வழக்கத்துக்கு நேர்மாறாக நடந்ததால்தான். வழக்கத்தில், வீசுபவர் கீழே இருப்பவர். வீசப்படுபவர் மேலே இருப்பவர்.

அந்த வழக்கத்தின் உச்சம்தான் பங்கா. 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலேயர் வீடுகளிலும் கச்சேரிகளிலும் இது பரவியது. மரச்சட்டத்தில் துணி கட்டி, உத்தரத்திலிருந்து ஊஞ்சல் மாதிரித் தொங்கவிடுவார்கள். அதில் கட்டிய கயிறு சுவரில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போகும். மறுமுனையில், வராந்தா வெக்கையில், பங்கா இழுப்பவர். பகல் முழுக்க இழுப்பார்கள், ராத்திரியும் இழுப்பார்கள். கை ஓய்ந்தால் கயிற்றைக் கால் விரலில் கட்டிக்கொண்டு காலை ஆட்டுவார்கள். உள்ளே இருப்பவருக்குக் காற்று மட்டும் வரும். அதை வீசும் ஆளின் முகம் தெரியாது.

அவர் கண்ணயர்ந்தால் காற்று நிற்கும். உள்ளே தூங்குபவர் விழித்துக்கொண்டு கோபத்தோடு வெளியே வருவார். இப்படி அடியும் உதையும் வாங்கிப் பங்கா இழுப்பவர்கள் இறந்துபோன வழக்குகள் 19ஆம் நூற்றாண்டு நீதிமன்றப் பதிவுகளில் இருக்கின்றன. "மலேரியாவால் அவருடைய மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது, அதனால்தான் செத்தார்" என்பது அடிக்கடி வைக்கப்பட்ட வாதம். பல வழக்குகளில் லேசான தண்டனையோடு ஆள் தப்பித்தார். கொஞ்ச நேரக் காற்றுக்கு ஒரு உயிர் என்பது இங்கே உவமை இல்லைங்க, நடந்த விஷயம்.

அதே காலத்தில் வட இந்தியாவில் இன்னொரு உத்தியும் இருந்தது. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். வறண்ட காற்று அதன் வழியாக நுழையும்போது குளிர்ந்து, வாசத்தோடு உள்ளே வரும். ஆங்கிலத்தில் வெட்டிவேருக்கு இருக்கும் பெயரே நம்ம தமிழ்ச் சொல்தான். இந்தத் தட்டியோடு கையால் சுற்றும் விசிறியைப் பெட்டிக்குள் வைத்து 'தெர்மான்டிடோட்' என்று ஒரு கருவியும் செய்தார்கள். இன்றைய ஏர் கூலருக்கு அது ஒரு தாத்தா. டெல்லியில் நன்றாக வேலை செய்யும் கூலர் சென்னையில் ஏன் சொதப்புது என்பதற்கான பதிலும் இங்கேதான். நம்ம கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய. தண்ணீர் ஆவியாக இடமே இல்லை. கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். ஆக, எந்த விசிறி சிறந்தது என்று பொதுவாகச் சொல்லவே முடியாது. ஊரைப் பொறுத்தது.

சரி, கயிறு எப்போ அறுந்தது?

1880களில், அமெரிக்காவில். ஸ்கைலர் வீலர் என்ற பொறியாளர் மோட்டாரில் இரண்டு இறக்கைகளை மாட்டி மேஜை விசிறி செய்தார். அதே பத்தாண்டில் பிலிப் டீல் என்பவர் தையல் மெஷின் மோட்டாரைக் கூரையில் தொங்கவிட்டு சீலிங் ஃபேனைக் கொண்டுவந்தார். தையல் மெஷினுக்கும் சீலிங் ஃபேனுக்கும் உள்ள சொந்தம் அப்போதே தொடங்கியது. நம்ம வீடுகளில் அந்த இரண்டிலும் 'உஷா' என்ற ஒரே பெயர் இருந்தது ஞாபகம் வருதா?

மெட்ராஸில் 1895லேயே மின்சார ட்ராம் ஓடியது. கல்கத்தாவில் 1899 ஏப்ரலில் மின் விநியோகம் தொடங்கியது. பங்கா இருந்த இடத்துக்கு மின்விசிறி மெல்ல வர ஆரம்பித்தது. உடனே இல்லை, ரொம்ப மெல்ல. 1924ல் வெளியான ஈ.எம்.ஃபார்ஸ்டரின் 'எ பேசேஜ் டு இந்தியா' நாவலின் நீதிமன்றக் காட்சியில்கூட ஒரு பங்கா இழுப்பவர் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போ, மின்விசிறி ஒரு கையை மட்டும் மாற்றவில்லை. நம்ம வீட்டையே மாற்றியது. பழைய முற்றம் வைத்த வீட்டை யோசித்துப் பாருங்க. வாசலும் பின்கட்டும் நேர்க்கோட்டில் இருக்கும். சுடுகாற்று முற்றம் வழியா மேலே போகும், திண்ணைப் பக்கமிருந்து காற்று உள்ளே வரும். மெட்ராஸ் டெரஸ் போட்ட உயரமான கூரை வீடுகளில் சுவரின் உச்சியில் சின்ன வென்டிலேட்டர்கள் இருக்கும். மேலே தேங்கும் சூடு வெளியேற ஒரு வழி. அதாவது, ஆளுக்குக் காற்று வீசுவது ஒரு வேலை, சூட்டை வெளியே அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை வீடே பார்த்துக்கொண்டது.

பிறகு தாழ்ந்த கான்கிரீட் கூரையும் நெருக்கமான அடுக்குமாடிகளும் வந்தன. முற்றம் போச்சு, வென்டிலேட்டர் போச்சு. "அதான் ஃபேன் இருக்கே" என்று எல்லாப் பாரத்தையும் சீலிங் ஃபேன் தலையில் கட்டினோம். ஆனா அதுக்குத் தெரிந்தது முதல் வேலை மட்டும்தான். மொட்டை மாடி பகலெல்லாம் வெயில் குடித்து, ராத்திரியில் அந்தச் சூட்டைக் கீழே கக்கும்போது, ஃபேன் அதையே எடுத்து நம்ம மேல் தள்ளுது. என் பதினொன்றரை மணிப் புழுக்கத்துக்கு இதுதான் காரணம்.

ஆக, செய்ய வேண்டியது என்ன? அந்த இரண்டு வேலைகளையும் மறுபடி பிரித்துக் கொடுப்பது.

வெளியேற்றும் வேலை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு. சாயங்காலம் வீட்டுக்குள்ளே இருப்பதைவிட வெளியே குளிர்ந்ததும், சமையலறை எக்ஸாஸ்டைப் போட்டு, வீட்டின் மறுகோடியில் ஒரு ஜன்னலைத் திறங்க. எல்லா ஜன்னலையும் மூடிவைத்தால் எக்ஸாஸ்ட் எதை இழுக்கும்? உள்ளே வர வழி இருந்தால்தான் வெளியே போகும். எக்ஸாஸ்ட் இல்லையா? டேபிள் ஃபேனையோ பெடஸ்டல் ஃபேனையோ ஒரு ஜன்னலிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளி, முகம் வெளியே பார்க்கிற மாதிரி வைங்க. எதிர்ப்பக்க ஜன்னலைத் திறங்க, கொசு வலையோடதான். பகலில் இதற்கு நேர்மாறு. வீட்டுக்குள்ளே இருப்பதைவிட வெளியே சூடாக இருக்கும்போது ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிடுங்க. ஏசி ஓடும்போது எக்ஸாஸ்ட் வேண்டாம், குளிர்ந்த காற்றையே வெளியே தள்ளிவிடும்.

ஆளுக்கு வீசும் வேலை சீலிங் ஃபேனுக்கும் டேபிள் ஃபேனுக்கும். கட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இல்லையென்றால், கிட்டே வைத்த டேபிள் ஃபேன்தான் அதிகம் உதவும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் உடம்பைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்போ ஈரத்துணியும் தண்ணீரும்தான் துணை.

கரண்ட் கணக்கும் பார்ப்போம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30. ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரு ஃபேனுக்கு மாதம் ஏறக்குறைய 16 யூனிட் மிச்சம். சுவரில் பெரிய பெட்டி மாதிரி பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதையும் மாத்திடுங்க. வேகத்தைக் குறைத்தாலும் மிச்சக் கரண்டை அது சூடாக்கி வீணடிக்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயம், வாங்கும்போது பாருங்க.

ஒன்றரை டன் ஏசி முழு வீச்சில் ஓடும்போது சுமார் 1500 வாட் இழுக்கும். அதாவது 50 பி.எல்.டி.சி. ஃபேன். ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயசானவங்க, குழந்தைங்க, நோயாளிகள் இருக்கும் வீட்டில் அது உயிர் காக்கும். ஆனா ஏசியோடு ஃபேனையும் போட்டால், வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றி வைத்தாலும் அதே சுகம் கிடைக்கும்.

அந்த ஏசியின் வெளிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை எட்டிப் பாருங்க. சுவரில் ஒரு ஓட்டை, அதன் வழியா ஒரு குழாய், வெளியே வெக்கையில் ஒரு பெட்டி. பங்கா இழுத்தவர் உட்கார்ந்த அதே இடம். உள்ளே இருந்து எடுத்த சூடு அங்கேதான் கொட்டுது. கீழே நிற்கும் வாட்ச்மேன் மேல், ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் பக்கத்து வீட்டின் மேல். நம்ம குளிர்ச்சிக்கு வெளியே யாரோ ஒருத்தர் இன்னமும் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

என் வீட்டில் இப்போ ராத்திரி ஒன்பது மணிக்கு பெடஸ்டல் ஃபேன் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். பதினொன்றரைக்கு நான் தூங்கிவிடுகிறேன், பெரும்பாலும். இன்னைக்கு ராத்திரி நீங்களும் ஒரு ஃபேனைத் திருப்பி வெச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.