மலைத் தேவாங்கும் மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும்

இவ்விரண்டும் இலங்கையின் மலைநாட்டுக்கே உரிய உயிரினங்கள். பதுளை மாவட்டத்தின் ஒஹிய, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே எழும் மலைத்தொடரும், அதையடுத்த ஹோர்ட்டன் சமவெளியும் இம்மலைக்காட்டு மண்டலத்தைச் சேர்ந்தவை. மண்டலம் ஒன்றாயினும் தேவாங்கைக் கண்டவர் மிகச் சிலர். கொண்டைக்குருவியோ அன்றாடம் கண்ணில் படும்.

உடலும் உணவும்

இரண்டும் ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ளவை. மலைத் தேவாங்கு வாலில்லாத இரவு விலங்கு. குளிருக்கேற்ற அடர்ந்த உரோமமும் குட்டையான கைகால்களும் கொண்டது. கிளைகளை இறுகப் பற்றி நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துண்ணும். கொண்டைக்குருவி பகலில் திரிவது. கருந்தலையும், காதருகே மஞ்சள் தூவிக்கற்றையும், இளமஞ்சள் வயிறும் அதன் அடையாளங்கள். காட்டுப் பழங்களும் பூச்சிகளும் அதன் உணவு.

பதிவுகள்

மலைத் தேவாங்கைத் தனித் துணையினமாக 1942இல் விவரித்தவர் ஒஸ்மன் ஹில். அறுபது ஆண்டுகளுக்கு மேல் காணப்படாததால் அற்றுப்போனதாகவே கருதப்பட்டு வந்த அது, 2002இல் மீண்டும் தென்பட்டது. அதன் முதல் ஒளிப்படங்கள் 2010இல் வெளியாயின. கொண்டைக்குருவியைக் காண இத்தகைய தேடல் வேண்டியதில்லை. அப்புத்தளையின் தங்கமலைச் சரணாலயத்திலும் மலைநாட்டு வீட்டுத் தோட்டங்களிலும் அது வந்து பழம் கொத்தும்.

வேறுபாட்டின் காரணம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென 1873இல் உத்தரவு பிறந்தது. ஆயினும் அதற்குக் கீழே காடு துண்டு துண்டானது. தேயிலை மலையைப் பறந்து கடக்கும் பறவைக்கு அந்த இடைவெளி தடையன்று. தாவத் தெரியாத தேவாங்குக்கோ கிளையோடு கிளை கோத்த மரநிரை வேண்டும். அது அறுந்த இடத்தில் அதன் வழியும் அடைபடுகிறது. ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் பட்டுப்போவது இந்நெருக்கடியை மேலும் கூட்டுகிறது.

பாதுகாப்பு

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்க்கப்பட்டது. பூங்காவின் எல்லைக்குள் மட்டும் காப்பது போதாது. தோட்டங்களின் ஓடைக்கரைகளிலும் செங்குத்துச் சரிவுகளிலும் எஞ்சிய காட்டை விட்டுவைத்து, நாட்டு மரங்களால் இணைக்க வேண்டும். பழந்தின்று விதை பரப்பும் கொண்டைக்குருவி அப்பணிக்குத் துணைநிற்கும். இப்பகுதியில் எளிதாய்க் காணும் பறவையைக் காப்பதும் அரிய தேவாங்கைக் காப்பதும் ஒரே பணியே.