கம்பியில்லாப் பாலத்தின் கதை

ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு கட்டடங்களை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர். நடுவில் வயல்கள், ஒரு வாய்க்கால், ஓர் இருப்புப்பாதை. பெரிய கட்டடத்தில் இணைய வசதி உண்டு, சிறியதில் இல்லை. கம்பி இழுக்கலாமென்றால் வாய்க்காலைக் கடக்க ஓர் இலாகாவிடமும், தண்டவாளத்தைக் கடக்க இன்னோர் இலாகாவிடமும் அனுமதி பெறவேண்டும். பள்ளம் தோண்டும் கூலியே பள்ளியின் ஆண்டு வரவை விழுங்கிவிடும். ஆனால் இரு மாடிகளிலும் ஒவ்வொரு சிறு பெட்டியை எதிரெதிராகப் பொருத்தினால், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் வேலை முடிந்துவிடுகிறது. இதைத்தான் கம்பியில்லாப் பாலம் என்கிறோம்.

பாலம் என்பது வெறும் உவமையன்று; 1980களிலிருந்து கணிப்பொறி வலையமைப்பில் வழங்கிவரும் கலைச்சொல். தனித்தனியான இரண்டு வலைகளை ஒரே வலைபோல் இயங்கச் செய்யும் கருவிக்கு அப்பெயர். நடுவிலுள்ள கம்பிக்குப் பதிலாக மின்காந்த அலை பாய்ந்தால் அது கம்பியில்லாப் பாலமாகிறது. இன்று கடையில் மலிவாகக் கிடைக்கும் இக்கருவி, பெரிய நிறுவனங்கள் திட்டமிட்டு உருவாக்கியது என்று நினைத்தால் அது முழு உண்மையன்று. வீட்டுக்குள் பயன்படச் செய்த ஒரு பொருளை, பணமில்லாதவர்கள் வெளியே எடுத்துச் சென்று மலைமேல் வைத்துப் பார்த்ததால் வந்த பயன் இது.

தீவுகளை இணைத்த அலைகள்

கதை பசிபிக் பெருங்கடலில் தொடங்குகிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் பல தீவுகளில் சிதறிக் கிடந்தன. கணிப்பொறியோ ஹொனலூலுவில் இருந்தது. நார்மன் ஏப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் தொலைபேசிக் கம்பியை நம்பாமல், வானொலி அலைகளால் செய்திகளை அனுப்பும் ‘அலோஹா’ வலையை 1971ஆம் ஆண்டு இயக்கினார்கள். 400 மெகாஹெர்ட்ஸை அடுத்த இரண்டு அலைவரிசைகள்; வேகம் வினாடிக்கு 9,600 பிட்டுகள்.

அவர்கள் வகுத்த விதி மிக எளியது. செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, நினைத்தபோது அனுப்பு. போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகைச் செய்தி வருகிறதா என்று காத்திரு. வராவிட்டால், வேறொருவர் பொட்டலத்தோடு மோதிவிட்டது என்று கொண்டு, சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பு. ‘காத்திரு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுவே ஒரு தலைவலியாக வரப்போகிறது.

உரிமம் இல்லாமல் அலையைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு சட்டமாயிற்று. மைக்கேல் மார்க்கஸ் என்ற பொறியாளரின் முயற்சியால், அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பகுதிகளைத் திறந்துவிட்டது. அவற்றுள் ஒன்று 2,400 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது. மைக்ரோவேவ் அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த பகுதியாதலால், அதை வேறு யாரும் பெரிதாக விரும்பவில்லை. ஏழைக்குக் கிடைத்த தரிசு நிலம் போன்றதுதான். அந்தத் தரிசிலேதான் பிற்பாடு அமோகமாக விளைந்தது.

1990ஐ ஒட்டி வெளிவந்த கம்பியில்லா வலை அட்டை ஒன்றின் விலை ஆயிரம் டாலருக்கும் அதிகம். 1997இல் 802.11 என்ற பொதுத் தரம் வகுக்கப்பட்டது. 1999இல் வந்த அதன் ‘பி’ வகை வினாடிக்கு 11 மெகாபிட் வேகம் தந்தது. அவ்வாண்டே ஆப்பிள் நிறுவனம் ஓர் அட்டையை 99 டாலருக்கு விற்றது. பத்தாண்டுகளில் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழ்! பொதுத் தரம் வந்ததால் போட்டி, போட்டியால் பெருமளவு உற்பத்தி, அதனால் விலைச் சரிவு.

தகர டப்பாவும் ஃபிரனெல் மண்டலமும்

வைஃபை என்று விற்கப்பட்ட இப்பொருள் வீட்டுக்குள் முப்பது, நாற்பது மீட்டர் எட்டினால் போதும் என்று செய்யப்பட்டது. அதைப் பல கிலோமீட்டருக்கு எட்டவைப்பது எப்படி?

முதலில் இழப்பைக் கணக்கிடுவோம். எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரப்பும் ஆண்டெனாவிலிருந்து கிளம்பும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அலை, ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள அதேபோன்ற ஆண்டெனாவில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஆற்றலாகவே வந்து சேர்கிறது. பத்துக் கிலோமீட்டரில் அது ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. தொலைவு பத்து மடங்கானால் ஆற்றல் நூறில் ஒரு பங்காகும் என்ற எதிர்விகித இருமடி விதியை நீங்கள் அறிவீர்கள். இதைக் கேட்டதும் ‘செலுத்தியின் திறனைக் கூட்டுவோம்’ என்றுதான் பலருக்குத் தோன்றும். அது செலவுமிக்க வழி, சட்டமும் இடந்தராது. சிக்கனமான வழி, அலையைக் குவிப்பது. ஒரு மீட்டர் அகலமுள்ள பரவளையக் கம்பி வலை ஆண்டெனா, தன் நேர்திசையில் ஆற்றலைச் சுமார் 250 மடங்கு பெருக்குகிறது. இரு முனைகளிலும் வைத்தால் 250ஐ 250ஆல் பெருக்குங்கள்: 62,500 மடங்கு! அதற்கு மின்சாரச் செலவு ஒரு பைசாவும் இல்லை.

இதை உணர்ந்த ஆர்வலர்கள் சமையலறைக்குள் புகுந்தார்கள். 2001இல் ராப் ஃபிளிக்கெங்கர் என்பவர் பிரிங்கிள்ஸ் வறுவல் டப்பாவுக்குள் ஒரு திருகுக் கம்பியும் சில வளையங்களும் கோத்து ஆண்டெனா செய்துகாட்டினார். அது உலகமெங்கும் பரவியது. உண்மையில் அந்த டப்பா சற்று ஒல்லி. உருளை வடிவ அலைவழி ஒன்றின் விட்டத்தைப் போல 1.7 மடங்கு அலைநீளம் வரைதான் அதற்குள் பாயும். பிரிங்கிள்ஸ் டப்பாவோ சரியாக எல்லைக்கோட்டில் நிற்கிறது. எட்டு அல்லது ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ள சாதாரணத் தகர டப்பா அதைவிட மேலானது. ஆனால் புகழ் என்னவோ பிரிங்கிள்ஸுக்கே போயிற்று!

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. பி.எஸ்ஸி. ஒளியியல் தாளில் மதிப்பெண்ணுக்காக மட்டுமே ஃபிரனெல் மண்டலங்களைப் படித்து மறந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அலை ஒரு நூல்போல் செல்வதில்லை. நடுவில் பருத்த கதிர்க்கோல் போன்ற வடிவில் செல்கிறது. பத்துக் கிலோமீட்டர்ப் பாலத்தின் நடுவே அந்தக் கதிர்க்கோலின் ஆரம் சுமார் 18 மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது, அதாவது 11 மீட்டர், தடையின்றி இருக்கவேண்டும். பூமியின் வளைவுக்காக மேலும் ஒன்றரை மீட்டரைக் கூட்டுங்கள். ஆகவே நடுவழியில் நிற்கும் தென்னந்தோப்பு கோட்டைத் தொடாவிட்டாலும் பாலத்தைக் கெடுத்துவிடும். ஈரமுள்ள இலைகள் இந்த அலையை நன்றாகவே உறிஞ்சுகின்றன. இதனால், சமவெளியில் பெட்டியின் விலையைவிட அதைத் தூக்கிநிறுத்தும் கோபுரத்தின் விலை பல மடங்காகிவிடுகிறது.

ஆண்டிஸ் மலைச் சிகரத்தில்

கோபுரத்தை இயற்கையே கட்டிவைத்த நாடு ஒன்றில் அடுத்த காட்சி. வெனிசுவேலாவின் மெரிடா நகரில் எர்மான்னோ பியெட்ரோசெமோலி என்ற பேராசிரியர் இருந்தார். அவரிடம் இருந்தவை லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி 54ஜி என்னும் வீட்டு ரவுட்டர்கள். 2002 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அந்த நீலநிறப் பெட்டிக்குள் லினக்ஸ் மென்பொருள் இருந்தது. அதன் மூல நிரலை வெளியிடவேண்டிய கட்டாயம் 2003இல் அந்நிறுவனத்துக்கு நேர்ந்தது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பெட்டியின் போக்கை மாற்றியமைக்கலாம் என்றாயிற்று. மலிவான கருவியின் வரலாற்றில் விலைக்குறைவைவிட இந்தத் திறந்த நிரலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2006 ஏப்ரலில், நான்காயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த ஆகிலா சிகரத்துக்கும், சமவெளியிலுள்ள எல் பவுல் என்ற ஊருக்கும் இடையே 279 கிலோமீட்டர் தொலைவை அவர் இணைத்தார். பழைய செயற்கைக்கோள் கிண்ணங்களே ஆண்டெனாக்கள். ஆனால் பாலம் ஊர்ந்துதான் சென்றது. காரணம், நான் முன்னே சொன்ன ‘காத்திரு’ விதி. ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கு 300 மீட்டர் கடக்க ஒரு மைக்ரோ வினாடி ஆகும். வீட்டுக் கருவி, ஒப்புகைக்காகக் கூடுதலாகக் காத்திருப்பது இருபது மைக்ரோ வினாடியளவே. போகவர மூன்று கிலோமீட்டர்ப் பாலத்துக்கு அது சரி. 279 கிலோமீட்டர் போய்த் திரும்ப 1,860 மைக்ரோ வினாடி வேண்டும். எதிர்முனையின் ‘பெற்றேன்’ என்ற சொல் வந்து சேர்வதற்குள் இந்த முனை பொறுமையிழந்து, அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்! காத்திருப்பு நேரத்தை எவ்வளவுதான் நீட்டினாலும், நேரமெல்லாம் காத்திருப்பிலேயே கழியும்.

இந்நோய்க்கு மருந்து கலிபோர்னியாவின் பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழுவிடமிருந்து வந்தது. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை கேட்காமல், ‘இத்தனை மில்லி வினாடி நான் பேசுகிறேன், அடுத்து நீ பேசு’ என்று முறைவைத்து, ஒப்புகைகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் மென்பொருளை அவர்கள் எழுதினார்கள். அதைக்கொண்டு 2007இல், ஆகிலாவிலிருந்து பிளாட்டிலோன் மலைக்கு 382 கிலோமீட்டர் தொலைவில், ஒவ்வொரு திசையிலும் வினாடிக்குச் சுமார் 3 மெகாபிட் கிடைத்தது. அத்தொலைவில் பூமியே நடுவில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் புடைத்து நிற்கிறது என்பதை எண்ணிப்பாருங்கள்.

தேனியின் கண் மருத்துவமனை

பெர்க்லிக் குழுவினர் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. அவர்களுடைய சோதனைக்களம் நம் மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருந்தது. தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு அவர்கள் இத்தகைய பாலங்களால் இணைத்தார்கள். தொடக்கத்தில் ஐந்து மையங்கள்; பின்னர் எண்ணிக்கை வளர்ந்தது. பாலங்களின் நீளம் 1 முதல் 15 கிலோமீட்டர் வரை. கிராமத்து மூதாட்டி ஒருவர் நாள்கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து தேனிக்கு வரவேண்டியதில்லை. மையத்திலுள்ள பயிற்சிபெற்ற பெண் ஊழியர் கண்ணைப் பரிசோதிக்க, தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் அவரோடு பேசி, கண்புரை அறுவை வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று சொல்லிவிடுவார்.

அங்கே பாலத்தை அடிக்கடி முறித்தது அலையன்று, மின்சாரம்! குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை மின்வழங்கலால் வந்தவை என்று எழுதினார்கள். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 70க்குக் கீழ் தாழ்வதும், 350க்கு மேல் எகிறுவதும், ஆயிரம் வோல்ட் வரை நொடிப்பொழுது பாய்ச்சலும் அளவிடப்பட்டன. உயர் அழுத்தம் கருவியை எரிக்கும் என்பது தெரிந்ததுதான். தாழ்ந்த அழுத்தம் அதைவிடக் கள்ளத்தனமானது. கருவி அரைகுறையாக விழித்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே மயங்கி, தன் நினைவு அட்டையைத் தானே கெடுத்துக்கொள்ளும். அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் கருவியை அடியோடு துண்டித்துவிடும் சிறு சுற்று ஒன்றைச் சேர்த்த பிறகே நிலைமை சீர்ப்பட்டது. உள்ளூர் ஊழியர்களுக்கே பராமரிப்புப் பயிற்சியும் தரப்பட்டது. வெளிநாட்டு நிபுணர் ஊர் திரும்பிய பின்னும் பாலம் நிற்கவேண்டுமல்லவா?

நீங்கள் வாங்கப்போனால்

இத்தனை பேர் பட்ட பாடு இன்று ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டது. 2008ஐ ஒட்டி யூபிக்விட்டி நிறுவனம், செலுத்தி, ஏற்பி, ஆண்டெனா அனைத்தையும் மழை தாங்கும் ஒரே உறையில் வைத்து, நூறு டாலருக்குக் குறைவான விலையில் தந்தது. லாத்வியாவின் மைக்ரோடிக், சீனத்தில் தோன்றிய டிபி-லிங்க் முதலிய நிறுவனங்களும் இத்துறையில் உள்ளன. தரவுக் கம்பி வழியாகவே மின்சாரமும் ஏறுவதால், மாடிக்குத் தனி மின்கம்பி வேண்டியதில்லை.

வாங்குமுன் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சாதாரண வைஃபைப் பொட்டலத்தில் மூன்று முகவரிகளே எழுதப்படும். பாலத்துக்கோ உண்மையான அனுப்புநர், உண்மையான பெறுநர், நடுவிலுள்ள இரு பெட்டிகள் என நான்கு முகவரி வேண்டும். தரத்தில் அதற்கு இடமிருந்தும், நான்காவது முகவரியைக் கையாளும் முறையை ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் வகுத்துக்கொண்டது. முறைவைத்துப் பேசும் மென்பொருளும் அப்படியே. ஆகையால் இரண்டு முனைக்கும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைப் பெட்டியை இணையாக வாங்குவதே உத்தமம். விலை மலிவென்று ஒன்றை இங்கும் ஒன்றை அங்குமாக வாங்கியவர்கள் பின்னர் மூன்றாவதாகவும் ஒன்று வாங்க நேரிடும்.

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் 2005 ஜனவரியில்தான் 2,400 மெகாஹெர்ட்ஸ் பகுதி உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. 2018இல் 5,000 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதிகளும் வெளிப்புறப் பயனுக்குத் திறக்கப்பட்டன. முன்னதில், ஆண்டெனாவின் குவிப்பையும் சேர்த்துக் கணக்கிட்ட திறன் 4 வாட்டைத் தாண்டக்கூடாது. 250 மடங்கு குவிக்கும் கிண்ணத்தோடு 100 மில்லிவாட் செலுத்தியைப் பூட்டினால் 25 வாட் ஆகிவிடும், அது குற்றம். செலுத்தியை 16 மில்லிவாட்டாகக் குறையுங்கள். நட்டம் ஏதும் இல்லை. கிண்ணம் பெரிதாயின் அது பெறும் ஆற்றலும் பெரிது. பெறுவதற்குச் சட்டம் எல்லை வைக்கவில்லை.

இடமிருந்தால் 5,000 மெகாஹெர்ட்ஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். அலைநீளம் குறைவாதலால் ஃபிரனெல் மண்டலம் மெலிந்து, அதே கிண்ணம் இன்னும் கூர்மையாகக் குவிக்கும். ஆனால் மரம் குறுக்கிட்டால் அது 2,400ஐவிட மோசமாகப் படுத்துவிடும். பெட்டியைப் பொருத்துபவர் அதன் சமிக்ஞை அளவைப் பார்த்துக்கொண்டே முதலில் கிடைமட்டமாகவும், பிறகு மேலும் கீழுமாகவும் மிக மெல்லத் திருப்பவேண்டும். முதலில் கிடைக்கும் சிறு உச்சத்தோடு நின்றுவிடாதீர்கள். அது பக்கக் கதிராக இருக்கலாம். இன்னும் சில பாகை திருப்பினால் முதன்மைக் கதிர் நூறு மடங்கு வலுவோடு காத்திருக்கும். கடைசியாக, கம்பத்துக்கு நிலத்தொடர்பு கொடுத்து, தரவுக் கம்பி கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் மின்னல் காப்பானைப் பொருத்திவிடுங்கள். ஐப்பசி இடிமழைக்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது.