மூவணு ஹைட்ரஜன் அயனியின் வரலாறு

1911இல் ஜே. ஜே. தாம்சன் நேர்மின் கதிர்களை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தபோது, ஹைட்ரஜன் அணுவைப்போல் மூன்று மடங்கு நிறையுள்ள துகளின் தடம் தென்பட்டது. இணைதிறன் ஒன்றே உடைய ஹைட்ரஜனில் மூன்று அணுக்கள் எப்படிச் சேரும்? பத்தாம் வகுப்பு மாணவரும் கேட்கக்கூடிய கேள்விதான்.

தெளிவான விடை 1925இல் ஹாக்னெஸ், லன் ஆகியோரின் ஆய்வில் கிடைத்தது. வாயுவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட ஈரணு அயனி குறைந்து, மூவணு அயனி பெருகியது. ஆகவே அது மோதலில் பிறப்பது. மெதுவாகச் செல்லும் ஈரணு அயனி ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறின்மேல் மோதுகிறது. இரண்டில் ஒன்று உடைகிறது. ஓர் அணு தனியே விலக, மற்ற மூன்றும் ஒட்டிக்கொள்கின்றன. வேகம் மிகுந்தால் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்காது.

விண்மீன்களுக்கிடையிலான முகில்களிலும் இதே வினை நடக்கிறது. கெபாலே, ஓகா இருவரும் 1996இல் அங்கே இவ்வயனியைக் கண்டறிந்தனர்.