கோழி வித்து, பருத்தி வித்து கட்டின பள்ளிக்கூடங்கள்

பள்ளிக்கூடத்துல பெற்றோர் பங்களிப்புன்னா நமக்குத் தெரிஞ்சது என்ன? ரேங்க் கார்டுல கையெழுத்து, பி.டி.ஏ. நன்கொடை ரசீது, ஆண்டு விழாவுல கடைசி வரிசை நாற்காலி. ஆனா கூலிக்கும் குத்தகைக்கும் உழைச்ச ஜனங்க காசு போட்டு, மரம் அறுத்து, ஆணி அடிச்சு ஆயிரக்கணக்குல பள்ளிக்கூடம் எழுப்பின கதை ஒண்ணு அமெரிக்காவின் தென் மாநிலங்கள்ல இருக்கு மக்களே. அதுதான் இன்னிக்கு பதிவு.

ஒரு லாங் வீக்கெண்டுல தங்கமணி, ஜூனியர் சகிதம் அட்லாண்டாவுலேர்ந்து ஐ-85 பிடிச்சு அலபாமா பக்கம் போனோம். டஸ்கிகீ கல்லூரி வளாகத்தைச் சுத்திப் பார்த்தப்பதான் 'ரோசன்வால்ட் பள்ளிகள்'ங்கற பேரு காதுல விழுந்தது. வீட்டுக்கு வந்து தோண்டத் தோண்ட வந்துக்கிட்டே இருக்கு.

கொஞ்சம் பின்னணி. அடிமை முறை 1865-ல் ஒழிஞ்சது. 1896-ல் உச்ச நீதிமன்றம் 'தனித்தனியா இருக்கலாம், சமமா இருந்தா போதும்'னு தீர்ப்பு சொன்னது. தனித்தனி மட்டும் பக்காவா நடந்தது, சமம் காணாமப் போச்சு. கிராமத்துக் கறுப்பினப் பிள்ளைங்க பல ஊர்ல சர்ச்சிலயும் ஒழுகுற கொட்டகையிலயும்தான் படிச்சாங்க. பருத்தி எடுக்கற சீசன் வந்தா அதுவும் கிடையாது.

இங்கதான் ரெண்டு பேர் வர்றாங்க. ஒருத்தர் புக்கர் டி. வாஷிங்டன். அடிமையாப் பிறந்து, 1881-லேர்ந்து டஸ்கிகீயை வளர்த்தெடுத்தவர். இன்னொருத்தர் ஜூலியஸ் ரோசன்வால்ட். ஜெர்மனியிலேர்ந்து வந்த யூதத் துணி வியாபாரியோட மகன், தபால்ல பொருள் விற்ற சியர்ஸ் கம்பெனியின் தலைவர். ரெண்டு பேரும் 1911-ல் சிகாகோவுல சந்திச்சாங்க. 1912-ல் தன்னோட 50-வது பிறந்தநாளுக்கு ரோசன்வால்ட் டஸ்கிகீக்கு 25,000 டாலர் கொடுத்தார். அதுல மிஞ்சின பணத்தை வச்சு கிராமத்துல 6 சின்னப் பள்ளிக்கூடம் கட்டிப் பார்க்கலாமான்னு வாஷிங்டன் கேட்டார். ஆரம்பம் அதுதான்.

முதல் பள்ளிக்கூடம் 1913-ல் அலபாமாவின் லோச்சபோகாவில் எழுந்தது. மொத்தச் செலவு சுமார் 942 டாலர். ரோசன்வால்ட் கொடுத்தது 300. ஊர்க் கறுப்பின மக்கள் போட்டது சுமார் 282. மீதி அக்கம்பக்கத்து வெள்ளையர்கள் கொடுத்தது.

ரோசன்வால்டோட நிபந்தனை இதுதான்: நான் முழுசும் தரமாட்டேன், ஊரும் போடணும், அரசாங்கமும் போடணும். ஊர் எப்படிப் போட்டதுங்கறதுதான் விஷயமே. கோழியும் முட்டையும் வித்தாங்க. சாப்பாட்டுப் பொட்டலம் ஏலம் போட்டாங்க. பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு துண்டு நிலம் ஒதுக்கிப் பருத்தி விதைச்சாங்க. காசு இல்லாதவங்க மரமும் உடலுழைப்பும் கொடுத்தாங்க. அலபாமாவின் போலிகீயில் நடந்த ஒரு கூட்டத்தைப் பத்தி ஒரு குறிப்பு இருக்கு. அடிமைக் காலத்தைப் பார்த்த ஒரு கிழவர் எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்ச பையைத் திறந்து, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சில்லறையை மேசையில கொட்டினாராம். எண்ணிப் பார்த்தா 38 டாலர். அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

கட்டிடமும் சாதாரணமில்லை. எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கின முதல் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர்தான் டஸ்கிகீயில் ஆரம்பகால வரைபடங்களுக்குப் பொறுப்பு. கிராமத்துல கரண்ட் கிடையாது. அதனால கிழக்கு, மேற்குப் பக்கமா வரிசையா உயரமான ஜன்னல்கள். பல வரைபடங்கள்ல ரெண்டு வகுப்புக்கு நடுவுல இருக்குற தடுப்பை நகர்த்தினா ஊர்க் கூட்டம் போட ஹால் ரெடி. பள்ளிக்கூடமே ஊர்ச் சாவடி!

1932-ல் திட்டம் முடிஞ்சப்போ கணக்கு இது. 15 மாநிலங்கள், ஆசிரியர் வீடு, தொழிற்கூடம் எல்லாம் சேர்த்து 5,357 கட்டிடங்கள். மொத்தச் செலவு சுமார் 2.84 கோடி டாலர். ரோசன்வால்ட் நிதி கொடுத்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தங்கள் கையிலேர்ந்து போட்டது சுமார் 47 லட்சம். ஆமாங்க, கோடீஸ்வரரை விட கூலிக்காரங்க அதிகம் போட்டிருக்காங்க. பேரு மட்டும் அவர் பேரு.

இதை வெறும் நெகிழ்ச்சிக் கதையா முடிச்சா தப்பாயிடும். மீதிச் செலவுல பெரும்பகுதி வரிப்பணம்தான். அந்த வரியை இந்த மக்களும் கட்டினவங்கதான். அவங்க வரியில பெரும்பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்குப் போச்சு, தங்கள் பிள்ளைக்கு மறுபடியும் தனியா அழுதாங்க. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதை இரட்டை வரின்னே சொல்றார். இன்னொரு கொடுமை, கட்டி முடிச்ச பள்ளியையும் நிலத்தையும் அரசுப் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கணும். அந்த நிர்வாகம் வெள்ளையர்கள் கையில.

அப்ப ஏமாந்துட்டாங்களா? அப்படித் தோணலை. எழுதிக் கொடுத்ததாலதான் அது அரசுப் பள்ளி ஆச்சு. ஆசிரியர் சம்பளத்தையும் பராமரிப்பையும் அரசாங்கம் தட்டிக்கழிக்க முடியாத பொறுப்பாக்கினாங்க. அநியாய விலைதான். ஆனா நியாயமான விலைக்குக் காத்திருந்தா பிள்ளைங்க வளர்ந்துடுவாங்களே! கவிஞர் மாயா ஏஞ்சலோ, சிவில் உரிமைப் போராளி ஜான் லூயிஸ் எல்லாம் இந்தப் பள்ளிகள்ல படிச்சவங்க.

1954-ல் பிரிவினைப் பள்ளிகள் சட்டவிரோதம்னு தீர்ப்பு வந்தது. அதுக்கப்புறம் மெல்ல மெல்ல இந்தப் பள்ளிகள் மூடப்பட்டன. சிலது வைக்கோல் கொட்டகை ஆச்சு, பலது இடிஞ்சு போச்சு. 2002-ல் அமெரிக்காவின் அழியும் நிலையிலுள்ள வரலாற்று இடங்கள் பட்டியல்ல இதைச் சேர்த்தாங்க. இன்னும் நிக்கறது சுமார் 500 இருக்கலாம். அதுல சிலதை மீட்டெடுத்தவங்க அங்கேயே படிச்ச பழைய மாணவர்கள். மறுபடியும் ஊர்தான்.

'சமூகப் பங்களிப்பு'ன்னு யாராவது மேடையில பேசினா இனிமே ஒரு கேள்வி கேட்கணும்னு தோணுது. மக்கள் விரும்பிக் கொடுக்கறாங்களா, இல்ல அரசாங்கம் கொடுக்காததால கொடுக்கறாங்களா? லோச்சபோகாவுல ரெண்டும் இருந்தது. முதலாவதைக் கும்பிடணும். ரெண்டாவதைக் கேள்வி கேட்கணும்.

கொசுறு: தென் மாநிலங்கள்ல ஆன்சைட்ல ஆணி புடுங்கற நண்பர்களே, ஹைவேயை விட்டு இறங்கி கிராமத்துச் சாலையில போகும்போது வரிசையா உயரமான ஜன்னல் வச்ச பழைய மரக் கட்டிடம் கண்ணுல பட்டா வண்டியைக் கொஞ்சம் ஸ்லோ பண்ணுங்க. அது யாரோ கோழி வித்துக் கட்டினதா இருக்கலாம்.