சென்னை – ஜித்தா விமானப் பயணம்: தூரம், நேரம், மீகாத்

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பத்தினர் நம்மிடம் முதலில் கேட்பது, "ஜித்தா போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதுதான். இஹ்ராம் எப்போது என்பதும் இந்தக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது.

தூரமும் நேரமும்

சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 4,450 கிலோமீட்டர். விமானம் செல்லும் பாதை இதைவிடச் சற்று நீளும். இடையில் நிற்காத விமானம் சுமார் 5½ முதல் 6 மணி நேரத்தில் சென்று சேரும். திரும்பும்போது மேற்குக் காற்று பின்னால் இருந்து உதவுவதால் பெரும்பாலும் நேரம் குறையும். துபை போன்ற ஊர்களில் விமானம் மாறினால், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நம் நேரத்தைவிட 2½ மணி பின்தங்கியது. பகல் 2 மணிக்குப் புறப்பட்டு மாலை 5.30க்கு இறங்குவதாக இருந்தால், பயணம் 3½ மணி நேரம் அல்ல. 6 மணி நேரம். இறங்கும்போது நம் கைக்கடிகாரத்தில் இரவு 8 மணி.

மீகாத் எப்போது வரும்?

நம் முன்னோர் கப்பலில் சென்றபோது யலம்லம் எல்லைக்கு நேராக வரும்போது இஹ்ராம் கட்டினார்கள். இன்று கிழக்கிலிருந்து வரும் விமானங்கள் பொதுவாகத் தாயிஃப் பக்கமுள்ள கர்னுல் மனாஸிலை ஒட்டிக் கடக்கின்றன. இது தரையிறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பு. விமானம் நிமிடத்துக்குச் சுமார் 14 கிலோமீட்டர் பறக்கும். ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் எல்லை பின்னால் போய்விடும்.

உம்ரா நிய்யத்தோடு செல்பவர் இஹ்ராமின்றி மீகாத்தைக் கடந்தால், திரும்பிச் சென்று இஹ்ராம் கட்ட வேண்டும். இல்லையேல் 'தம்' கொடுக்க வேண்டும். ஜித்தாவில் இறங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பான்மை உலமாக்கள் ஏற்கவில்லை.

எனவே நாம் சொல்வது:

• குளிப்பை வீட்டிலேயே முடித்து, இஹ்ராம் துணியை அங்கேயோ விமான நிலையத்திலோ உடுத்துங்கள். லக்கேஜில் போட்டுவிட்டால் நடுவானில் கைக்கு வராது.
• அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். இறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே நிய்யத் செய்து தல்பியா சொல்லுங்கள். மீகாத்துக்கு முன்பே செய்யும் நிய்யத்தும் செல்லும்.
• நிய்யத்துக்குப் பின் விமானத்தில் தரும் வாசனை டிஷ்யூவைத் தவிர்த்துவிடுங்கள்.
• மாதவிடாயில் இருக்கும் பெண்களும் நிய்யத் செய்ய வேண்டும். தூய்மையான பின் தவாஃப் செய்வார்கள்.
• முதலில் மதீனா செல்பவருக்கு இந்தக் கணக்கு இல்லை; அவர் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டுவார்.

நோன்பாளிகளுக்கு

மேற்கே பறக்கும்போது பகல் நீளும். சென்னையில் மஃரிப் ஆகிவிட்டாலும் ஜன்னலில் சூரியன் தெரிந்தால் நோன்பு திறக்கக்கூடாது. நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். இயலாதவருக்குப் பயணச் சலுகை உண்டு. பிறகு களாச் செய்துகொள்ளலாம்.

அல்லாஹ் நம் பயணங்களை எளிதாக்கி, உம்ராக்களை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.