பட்டினிக் காலத்தில் கருவில் இருந்தவர்களின் இருதயம்

2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் முற்றுகைக்குள் சிக்கியிருந்த கர்ப்பிணித் தாய்மாரின் பிள்ளைகள் இப்போது பதினைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். கஞ்சியும், சில நாட்களில் அதுவும் இல்லாமலும் சுமக்கப்பட்ட பிள்ளைகள். அந்தப் பசி அவர்களுடைய உடம்பில் எதையாவது விட்டுச் சென்றிருக்குமா?

நான் வைத்தியர் அல்ல, செய்தியாளர். இந்தக் கேள்வியோடு தேடியபோது நெதர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது. 1944 செப்டெம்பரில் அங்கு ரயில்வே ஊழியர்கள் நேச நாடுகளுக்கு ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக ஜேர்மன் படைகள் மேற்குப் பகுதிக்கான உணவுப் போக்குவரத்தைத் தடுத்தன. தடை ஓரளவு தளர்ந்தபோது கால்வாய்கள் உறைந்து படகுகள் ஓடவில்லை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அம்ஸ்ரர்டாமில் ஒருவருக்குக் கிடைத்த பங்கீடு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரிதான். டியூலிப் கிழங்கை அவித்துச் சாப்பிட்டார்கள். 1945 மே மாதம் நாடு விடுபட்டதும் உணவு வந்துவிட்டது.

அந்த நகரின் வில்ஹெல்மினா காஸ்ட்ஹாய்ஸ் வைத்தியசாலையின் பிரசவப் பதிவேடுகள் அழியாமல் இருந்தன. அக்காலத்தை ஒட்டி அங்கு பிறந்த 2,414 பேரை ஆய்வாளர்கள் பிற்காலத்தில் தேடிப் பிடித்தார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பட்டினியைச் சந்தித்தவர்களில் 8.8 வீதமானோருக்கு ஐம்பது வயதளவில் இருதய நாடி நோய் இருந்தது. பட்டினியைச் சந்திக்காதவர்களில் அது 3.2 வீதம். முதல் குழுவில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும்.

என்னை நிறுத்திய விடயம் வேறு. அந்த முதல் குழுவினர் நிறை குறைந்து பிறக்கவில்லை. தாய்மார் கடைசி மாதங்களில் சாப்பிட்டதால் பிறக்கும்போது சாதாரண நிறையுடன் இருந்தார்கள். மெலிந்து பிறந்தவர்கள், கடைசி மாதங்களில் பட்டினியைக் கண்டவர்கள். அவர்களிடம் பிற்காலத்தில் குருதிச் சீனிக் கோளாறு கூடுதலாக இருந்தது. ஆகவே "பிள்ளை நல்ல நிறையோடுதானே பிறந்தது" என்று விட்டுவிட முடியாது.

ஏன் இப்படி? உணவு குறையும்போது கரு மூளைக்கு முன்னுரிமை கொடுக்கிறது. மற்ற உறுப்புகள் சிக்கனமாக அமைகின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் பெரும்பாலும் பிறப்புக்கு முன்பே உருவாகி முடிகின்றன. குறைவாக அமைந்தால் பிறகு கூட்ட முடியாது. குருதி அமுக்கம் உயர அது வழி செய்கிறது. பியாஃப்ரா போர்க்காலப் பட்டினியில் கருவிலும் கைக்குழந்தையாகவும் இருந்த நைஜீரியர்களிடமும் நாற்பது வயதளவில் உயர் குருதி அமுக்கம் கூடுதலாகக் காணப்பட்டது.

லெனின்கிராட் முற்றுகையில் கருவில் இருந்தவர்களை ஆராய்ந்தபோது மட்டும் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. அங்கு முற்றுகைக்குப் பிறகும் உணவு தட்டுப்பாடாகவே இருந்தது, நெதர்லாந்திலோ திடீரென நிறைந்தது. சிக்கனத்துக்குப் பழகிய உடம்புக்குப் பின்னர் வரும் தாராளமே சுமையாகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு இது பொருத்தமாகப் படுகிறது. கஞ்சியில் உருவான உடம்புக்கு இன்று முன்னால் இருப்பது கொத்து ரொட்டியும் சோடாவும்.

இதை வாசிக்கும் தாய்மார் தங்களை நொந்துகொள்ள வேண்டியதில்லை. உணவுப் பாதையை அடைத்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கூடுதல் ஆபத்து என்பது நோய் நிச்சயம் என்பதும் அல்ல. அம்ஸ்ரர்டாமில் அந்தக் குழுவில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த வயதில் இருதய நாடி நோய் இருக்கவில்லை.

இப்போது கர்ப்பமாக இருப்பவர்களுக்கு முதல் மூன்று மாதங்கள் முக்கியம். கிளினிக்கில் பதிவதைப் பிந்தவிட வேண்டாம். போலிக் அமிலத்தையும் பின்னர் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் விடாமல் எடுங்கள். திரிபோஷாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கிடுவது நம் வழக்கம். அது தாய்க்கு உரியது. சூடை, நெத்தலி, முட்டை, பயறு, முருங்கை இலை போதும், விலையுயர்ந்த பால்மா தேவையில்லை. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்.

2009ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை குருதி அமுக்கம் பார்ப்பது நல்லது. பிறப்பு நிறை குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கும். இடம்பெயர்வில் அது தொலைந்திருந்தால், பிறந்த மாதத்தையும் அந்தக் கர்ப்ப காலத்தில் தாய் எங்கே இருந்தார் என்பதையும் வைத்தியரிடம் சொல்லிப் பதிவில் எழுதச் சொல்லுங்கள்.